கடைமடைக்கு எப்போது வரும் இணையம்?



சென்னையிலிருந்து சாலை வழியாகத் திருச்சிப் பக்கம் போகிறவர்கள் திண்டிவனத்தைத் தொடாமல் போவதில்லை. புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலை பிரிவது அங்கேதான். அங்கிருந்து சற்றுத் தெற்கே விழுப்புரம் சந்திப்பில் தண்டவாளம் ஐந்து திசைக்குப் பிரிகிறது. இதே சாலையோரத்திலும் தண்டவாள ஓரத்திலும், மண்ணுக்கு அடியில், இன்னொரு போக்குவரத்தும் இரவு பகலாக ஓடுகிறது. தலைமுடி அளவே தடிமன் உள்ள கண்ணாடி இழைகளில் ஒளியாகப் பாயும் இணையம் அது. ரயில் பாதையை ஒட்டி இந்த இழையைப் பதிப்பதற்கென்றே 2000-ல் ‘ரெயில்டெல்’ என்ற அரசு நிறுவனம் பிறந்தது. நெடுஞ்சாலையை ஒட்டித் தனியார் நிறுவனங்கள் பதித்திருக்கின்றன.

ஆக, இணையத்தின் பெருங்கால்வாய் விழுப்புரம் மாவட்டத்தின் நடுவிலேயே ஓடுகிறது. ஆனால் மேல்மலையனூர், வல்லம், ஒலக்கூர் ஒன்றியங்களின் உள்கிராமங்களில் ஒரு மாணவி விண்ணப்பப் படிவத்தைப் பதிவேற்ற மொட்டை மாடிக்கு ஏறி, கைபேசியைத் தூக்கிப் பிடித்து, டவர் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த மாவட்டம் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்தது. ஏரி நிரம்பினால் மட்டும் போதாது, தண்ணீர் கடைமடை வரை வர வேண்டும் என்பது இங்கே உழுதவர்களுக்குத் தெரியும். மதகுக்குப் பக்கத்து வயலுக்குத் தானாகப் பாயும். கடைசி வயலுக்கு வாய்க்கால் வெட்ட வேண்டும், தூர் வார வேண்டும், முறை வைக்க வேண்டும். இணையத்திலும் அப்படித்தான். பெருவழியில் இழை போடுவது நிறுவனங்களுக்கு லாபம். அதிலிருந்து பிரிந்து எட்டு, பத்து கிலோமீட்டர் உள்ளே போய் இருநூறு வீடுகளுக்குக் கொடுப்பது லாபமில்லை. லாபமில்லாத அந்தக் கடைசித் தொலைவை யார் கடப்பது என்பதுதான் நாற்பது ஆண்டுகளாகத் தொலைத்தொடர்புக் கொள்கையின் முன் நிற்கும் கேள்வி.

ஒரு காலத்தில் எல்லாமே அரசின் கையில் இருந்தது. வீட்டுக்கு டெலிபோன் வேண்டுமென்று எழுதிப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஏகபோகத்துக்குள்ளும் நல்ல காரியம் நடந்தது. 1984-ல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிர்சாதனம் இல்லாமலே நம் ஊர் வெயிலிலும் புழுதியிலும் இயங்கும் சிறு கிராம இணைப்பகத்தை உருவாக்கியது. எஸ்.டி.டி. பூத்துகள் ஊருக்கு ஊர் முளைத்தன. திண்டிவனத்துக்கு 04147, விழுப்புரத்துக்கு 04146, செஞ்சிக்கு 04145 என்ற எண்கள் முகவரிபோல மனப்பாடமாயின.

பிறகு தனியார் வந்தார்கள், போட்டி வந்தது, கட்டணம் குறைந்தது. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், இங்குள்ள எளிய மக்களின் முதல் கைபேசிச் சேவையாகப் பல வீடுகளில் நுழைந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் நடந்த விலைப்போரில் ஒவ்வொரு நிறுவனமாகச் சாய்ந்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் தமிழ்நாடெங்கும் அறுந்துபோனது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளக் கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. வங்கிக் கணக்கு, கேஸ் பதிவு, கல்லூரி விண்ணப்பம் என்று எல்லாவற்றிலும் கொடுத்திருந்த ஒரே எண் ஒருநாள் காலையில் ஊமையாகிவிட்டால் என்ன செய்வது?

அதே ஆண்டு ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாகின. இன்று நாட்டின் இணையச் சந்தையில் மிகப் பெரும் பங்கு ஜியோ, ஏர்டெல் என்ற இரண்டு நிறுவனங்களிடம் இருக்கிறது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. சுமார் 10 முதல் 25 விழுக்காடு வரை ஏறியது. நகரத்துக்காரருக்கு வீட்டில் ஒயர் இணைப்பு ஒன்று மாற்றாக உண்டு. கிராமத்தில் கூலிக்குப் போகிறவருக்கு அந்த ரீசார்ஜைத் தவிர வேறு வழியில்லை. 28 நாள் பேக் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை பணம் கட்ட வேண்டும்.

பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். இந்த இடத்தில் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். லாபம் பார்க்காமல் உள்கிராமங்கள் வரை போனது அதுதான். ஆனால் நான்காம் தலைமுறைச் சேவைக்கான அலைக்கற்றையை அதற்கு ஒதுக்க மத்திய அரசு முடிவெடுத்தது 2019 அக்டோபரில். தனியார் நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் முன்னே ஓடிவிட்ட பிறகு! அடுத்த சில மாதங்களில் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் 78,000 ஊழியர்கள் வெளியேறினார்கள். அதன் 4ஜி வலையமைப்பு நாடளவில் முறையாகத் தொடங்கப்பட்டது 2025 செப்டம்பரில்தான். இந்தத் தாமதத்தைச் சந்தையின் மேல் போட முடியாது. இது கொள்கை எடுத்த முடிவு.

இத்தனைக்கும் பணம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் தன் வருவாயில் 5 விழுக்காட்டைக் கிராமச் சேவைக்கென்று ஒரு பொது நிதியில் கட்ட வேண்டும். 2002-ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு இப்போது ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர். நிறுவனம் கட்டும் பணம் கடைசியில் யாருடையது? ரீசார்ஜ் செய்கிறவருடையது. ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் திரண்ட இந்த நிதியில் பெரும் பங்கு ஆண்டுக்கணக்கில் செலவாகாமலே கிடந்தது. மேல்மலையனூர்க்காரர் தன் ஊருக்கு வர வேண்டிய இழைக்கு முன்பணம் கட்டிவிட்டார். இழைதான் வந்துசேரவில்லை.

அந்த இழைக்கான திட்டம் 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் பெற்றது. நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளையும் இரண்டே ஆண்டுகளில் இணைப்பதாகச் சொன்னார்கள். பின்னர் அது ‘பாரத்நெட்’ ஆனது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்குச் சுமார் 1,815 கோடி ரூபாயில் வேலை திட்டமிடப்பட்டது. அதற்கென ‘டான்ஃபிநெட்’ என்ற மாநில அரசு நிறுவனம் அமைந்தது. டெண்டர் விதிகள் சில நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்தும்படி வளைக்கப்பட்டதாக, ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. 2020 ஜூனில் மத்திய அரசு அந்த டெண்டரை நிறுத்தி, விதிகளைத் திருத்தி மறுபடி விடச் சொன்னது. போட்டியைக் காப்பாற்ற அது தேவையான தலையீடுதான். ஆனால் காலத்தைப் பாருங்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடி, பாடமெல்லாம் கைபேசிக்குள் போய்விட்ட அதே மாதங்கள்.

அந்த நாட்களில் ஒரு வீட்டில் ஒரு கைபேசி, மூன்று பிள்ளைகள். அப்பா வேலைக்குப் போகும்போது பள்ளிக்கூடமும் அவர் சட்டைப் பையில் போய்விடும். 2021-ன் தொடக்கத்தில் சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா கார்டை மாநில அரசு இலவசமாகக் கொடுத்தது. நல்ல உதவி, ஆனால் சிக்னல் இல்லாத ஊரில் அந்த அட்டை என்ன செய்யும்? விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட, தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை அரசு தொடங்கியது. தொடக்க விழா நடந்த இடம் இதே விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் ஒன்றியத்தில் உள்ள முதலியார்குப்பம், 2021 அக்டோபர் 27. கைபேசி வழியாகப் போய்ச்சேராத பாடம், அங்கே கால்நடையாகப் போய்ச்சேர்ந்தது.

2022-ல் இழைப் பணி தொடங்கியது. பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே இழுக்கப்பட்டது. ஊராட்சிச் சேவை மையக் கட்டடத்தில் ஓர் அலமாரி, ரவுட்டர், யு.பி.எஸ். வைக்கப்பட்டன. அவற்றுக்கு மின்சாரம் தடைபடாமல் பார்த்துக்கொள்வதும், திருட்டுப் போகாமல் காப்பதும் ஊராட்சிச் செயலரின் பொறுப்பு என்று மாவட்ட நிர்வாகங்கள் அறிக்கை விட வேண்டியிருந்தது. செம்பு இருக்குமென்று நினைத்து இழையை அறுப்பவருக்கு அதில் கிடைப்பது கண்ணாடி மட்டுமே. ஊருக்குப் போவதோ முழு இருட்டு.

அந்த அலமாரியிலிருந்து வீட்டுக்கு இழுப்பது அடுத்த வேலை. அதற்குத் தமிழ்நாட்டில் ஆள் இருக்கிறார்: கேபிள்காரர். எந்தத் தெருவில் எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்பது வரை அவருக்குத் தெரியும். கேபிள் டி.வி.யிலும் ஒரு காலத்தில் ஒரே நிறுவனத்தின் ஆதிக்கம் இருந்தது. 2007-ல் உருவாகி, 2011-ல் மாதம் 70 ரூபாய் கட்டணத்தோடு உயிர்பெற்ற அரசு கேபிள் நிறுவனம் அந்த ஆதிக்கத்தைத் தளர்த்தியது. பொதுக் கட்டமைப்பு ஒன்று குறுக்கே வந்தால் விலை இறங்கும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது.

அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. சட்டனூகா நகரின் மின்வாரியம் 2010-ல் தானே இழை போட்டு நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம் கொடுத்தது. பக்கத்து ஊர்கள் எங்களுக்கும் வேண்டுமென்று கேட்டபோது, மின்வாரியம் தன் எல்லைக்கு வெளியே போகக்கூடாது என்ற மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. 2016-ல் நீதிமன்றமும் அதை மாற்ற மறுத்தது. நமக்கு அருகே கேரளமோ, 2023 ஜூனில் ‘கே-ஃபோன்’ தொடங்கியபோதே ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதைத் திட்டத்தின் பகுதியாக வைத்தது.

இணையம் இன்று பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களின் வருகைப் பதிவே கைபேசிச் செயலியில் ஏற வேண்டும் என்று விதி வந்தது. படம் ஏறவில்லை என்றால் கூலிக்குச் சிக்கல். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் இதே மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியபோது, மின்சாரம் போன ஊர்களில் கைபேசியும் கைகொடுக்கவில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் 688 ஊராட்சிகள் இருக்கின்றன. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நம் ஊராட்சிக் கட்டடத்தில் அந்த அலமாரி இருக்கிறதா, அதன் விளக்கு எரிகிறதா, பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் இணைப்பு போயிருக்கிறதா, வீட்டுக்கு வேண்டுமானால் யாரிடம் கேட்பது? இந்த நான்கையும் அடுத்த கூட்டத்தில் கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதவைக்க எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு.