இரண்டு வரி நோட்டு

(ஒன்றுகூடல் விழாவின் மாலை அமர்வில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க எழுதித் தந்தேன்.)



தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கையில் இருப்பது ஒரு பழைய எண்பது பக்க நோட்டு. 1978இல் சேர்ந்து 1981இல் வெளியேறியவர்களுக்கு இது என்னவென்று தெரியும். மெஸ்ஸில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தோமே, அதேதான். படம் பார்த்தவன், புத்தகம் படித்தவன், எவனாயிருந்தாலும் ரெண்டு வரி எழுத வேண்டும். கதை சொல்லக் கூடாது. ‘அருமை’, ‘நன்று’ என்று எழுதினால் பத்து பைசா அபராதம். அந்தக் காசில் எத்தனை டீ குடித்தோம் என்பதற்குக் கணக்கில்லை.

இந்த நோட்டை ஆரம்பித்தவன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொன்னால் எழுந்துபோய்விடுவேன் என்று மிரட்டியிருக்கிறான். ஆகவே ‘அவன்’ என்றே சொல்கிறேன்.

முதலில் என் குற்றப்பத்திரிகை. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ 1979இல் வந்தபோது நான் எழுதியது: “படம் நடக்கிறது, ஓட மாட்டேன் என்கிறது. ரயில் டிக்கெட் வாங்கி மாட்டுவண்டியில் ஏறிய கதை.” அதற்குக் கீழே அவன் எழுதியது: “அந்த அம்மா இருமும்போது முன்சீட்டுக்காரன் பீடியை அணைத்தான். இதற்கு மேல் என்னடா விமர்சனம்?” எனக்கு அப்போது பத்தொன்பது வயசு, புரியவில்லை. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைப் பிற்பாடுதான் படித்தேன். போன வருஷம் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். ஊரே ஆற்றங்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கடைசிக் காட்சியில் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. மாட்டுவண்டியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஜானகிராமனின் ‘மோகமுள்’ளுக்கு நம் விடுதியில் மட்டும் ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆறு பேர் யமுனாவைப் பற்றி! ஒருத்தன் மட்டும், “ரங்கண்ணா மாதிரி ஒரு வாத்தியார் கிடைத்தால் நானும் விடியற்காலை எழுந்திருப்பேன்” என்று எழுதியிருக்கிறான். அவனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷமும் எட்டரைக்கு முன்னால் எழுந்ததில்லை.

சித்தன்னவாசலுக்குச் சைக்கிளில் போய் வந்த நாளும் இதில் இருக்கிறது. அர்த்தமண்டபத்து விதானத்தில் தாமரைக் குளம். மீன், யானை, பறவை, பூப்பறிக்கும் ஆட்கள். “அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி. குளத்தை மேலே வைத்தவன் கெட்டிக்காரன். யாரும் கால் நனைக்க முடியாது.” இது அவன் கையெழுத்து.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று அவனிடமே கேட்டேன். சொல்லு, ஆனா அழாதே என்றான்.

அவனுக்குச் சர்க்கரை. கவனிக்காமல் விட்டதில் விழித்திரை போய்விட்டது. 2016இல் ஒரு கண், 2018இல் மற்றது. செய்தி தெரிந்தும் ஒரு வருஷம் நான் அவனுக்குப் போன் பண்ணவில்லை. வேலை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. படமும் புத்தகமும் தவிர நாங்கள் வேறெதுவும் பேசியதே கிடையாது. இனிமேல் அவனிடம் என்ன பேசுவது என்று பயம். கடைசியில் அவன்தான் கூப்பிட்டான். குசலம்கூட விசாரிக்கவில்லை. “நோட்டு உன்கிட்டதானே இருக்கு? எடுத்துப் படி” என்றான். அன்றைக்கு முதல் பக்கத்திலிருந்து ராத்திரி ஒரு மணி வரை படித்தேன்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் போன். நான் பார்த்ததை ரெண்டு வரியில் சொல்வேன். அவன் கேட்டதைச் சொல்வான். அவனுக்குப் பேரன் செல்போனில் பாட்காஸ்ட் போடப் பழக்கிக் கொடுத்திருக்கிறான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நம் காலத்து வானொலி மாதிரிதான், ஆனால் நேரத்தை நிலையத்தார் தீர்மானிப்பதில்லை, நாம் தீர்மானிக்கிறோம். பி.பி.சி.யில் 1998இல் தொடங்கிய ‘இன் அவர் டைம்’ பற்றி அவன் சொல்லி நான் எழுதியது: “மூணு பேராசிரியர், ஒரே பொருள், முக்கால் மணி நேரம். நம்ம வகுப்பில் இவ்வளவு நேரம் நான் முழிச்சிருந்ததே இல்லை.” (மேடையில் இருக்கும் ஐயா மன்னிக்க வேண்டும்.) ‘பொன்னியின் செல்வ’னை ஒலிநூலாகக் கேட்டுவிட்டுச் சொன்னது: “படிச்சப்ப குந்தவைக்கு மணியம் வரைஞ்ச முகம். இப்ப முகம் இல்லை, குரல்தான். குரலில் இன்னும் கொஞ்சம் அதிகாரமா இருக்கா.”

சினிமாவும் உண்டு. பாலு மகேந்திராவின் 1988ஆம் வருஷத்து ‘வீடு’ படத்தை அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்சி காட்சியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சொக்கலிங்க பாகவதர் குடையோடு வந்து, பாதி எழும்பிய சுவரைத் தடவிப் பார்ப்பாரே, அந்த இடத்தில், “நீ பேசாதே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். இளையராஜாவின் வயலின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படத்துக்கு இன்றுவரை ரெண்டு வரி எழுதவில்லை. பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.

பத்து நிமிடம் தாண்டிவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் மிச்சம். சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், அதே மாதிரி நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சமீபத்தில் பார்த்தது, படித்தது, கேட்டது எதுவானாலும் ரெண்டு வரி எழுதுங்கள். கையெழுத்துப் புரியும்படி இருக்கட்டும். நாளைக்கு ரயிலில் அவனுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். ‘அருமை’ என்று எழுதினால் அபராதம் உண்டு. இப்போது பத்து ரூபாய்.