வழித்தடத்தை வரைவது யார்?



குப்பை வண்டி எந்தத் தெரு வழியே செல்ல வேண்டும் என்பதை வெறும் பொறியியல் கணக்காகவே மாநகராட்சி அறிக்கைகள் பேசுகின்றன. தூரத்தைக் குறைப்பது, டீசலைச் சேமிப்பது என்பதே அவற்றின் சாரம். அக்கணக்கு தேவையானதே, பாதி நிரம்பிய லாரி ஊரைச் சுற்றுவதால் தொழிலாளிக்கு யாதொரு நன்மையும் இல்லை. எதை அளப்பது, யாரை அளப்பது என்பதில்தான் வர்க்க நலன் நுழைகிறது.

ஒப்பந்ததாரருக்கு டன் கணக்கில் பணம் தரப்படும்போது எடைமேடையே வழித்தடத்தைத் தீர்மானிக்கிறது. கட்டட இடிபாடும் மண்ணும் கிடைக்கும் பெருந்தெருவுக்கு வண்டி விரையும். குடிசைப் பகுதியின் சந்து காத்துக் கிடக்கும். நடைக் கணக்கில் தந்தாலோ, நிரம்பாத வண்டிகள் கிடங்குக்கு ஓடும். இரண்டிலும் வரைபடம் மட்டும் பழுதின்றி இருக்கும்!

புனே நகரின் அனுபவம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அங்கே கழிவு சேகரிப்போர் 1993இல் சங்கம் கண்டனர். அச்சங்கத்திலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு 2008இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். தள்ளுவண்டியுடன் வீடு வீடாகச் சென்று சேகரித்து, மாநகராட்சி வண்டி வந்து நிற்கும் இடத்தில் ஒப்படைக்கின்றனர். வீட்டார் தரும் மாதக் கட்டணமும், பிரித்தெடுத்த பழைய பொருள்களின் விற்பனையுமே அவர்களது வருவாய். வண்டி ஒரு மணி நேரம் தாமதித்தால், பொருள்களைப் பிரித்து விற்கும் நேரம் பறிபோகிறது. அதாவது கூலி பறிபோகிறது. வண்டியின் கிலோமீட்டரை மட்டும் எண்ணும் கணக்கில் அந்தக் காத்திருப்புக்கு இடமே இல்லை.

அளவுகோல் வேறு பக்கம் திருப்பப்பட்டதும் உண்டு. சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளரின் மணிக்கட்டிலேயே ஜிபிஎஸ் கடிகாரம் கட்டப்பட்டது. சண்டிகர் தொழிலாளர்கள் அதை எதிர்த்துப் போராடினர். லாரியைக் கண்காணிக்க வேண்டிய கருவி, அதன் பின்னால் நடப்பவரைக் கண்காணித்தது.

மும்பையில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் சங்கம் நடத்திய நெடிய வழக்கில், 2,700 பேரை நிரந்தரமாக்க வேண்டுமென்ற தீர்ப்பை 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வேலை நிரந்தரம் உள்ளவரே தவறான வழித்தடத்தைத் தவறு என்று சொல்ல முடியும்.

வண்டியின் ஜிபிஎஸ் பதிவு தொழிலாளர் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்; குறித்த நேரம் கடந்த காத்திருப்புக்கு ஊதியம் வேண்டும்; சங்கத்தைக் கலந்துகொள்ளாமல் வழித்தடத்தை மாற்றலாகாது. வார்டுகளில் பணியாற்றும் தோழர்கள் ஒரு வாரம் விடியற்காலையில் ஒப்படைப்பு இடங்களில் நின்று, வண்டி வந்து சேரும் நேரத்தை நோட்டில் குறித்து வரட்டும். பேச்சுவார்த்தையில் அதிகாரிகள் முன் முதலில் வைக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.