அச்சணந்தியின் தாயார்
(திருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தை அடுத்து ஒரு குன்று உள்ளது. ஊரார் அங்குள்ள பெரும்பாறையைக் கருப்பணசாமி பாறை என்பர். பழைய கல்வெட்டோ அவ்விடத்தைத் திருக்குணகிரி என்று குறிக்கின்றது. அப்பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர் திருமேனிகள் இரு வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. தலைக்குமேல் நாகம் படம் விரித்த பார்சுவநாதரை அங்கு எளிதில் அடையாளம் காணலாம். திருமேனிகளை ஒட்டி வட்டெழுத்தில் செய்வித்தோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்களுள் ஒன்று அச்சணந்தி என்பதாகும்.

அச்சணந்தி முனிவர் ஏறத்தாழ 9, 10-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்தவர். ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை, கருங்காலக்குடி, வள்ளிமலை எனத் தமிழகத்தின் பல குன்றுகளில் அவர் பெயர் காணப்படுகின்றது. இவ்வளவு தொலைவு நடந்து அறம் பரப்பிய துறவி ஒருவரின் வீட்டைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் கல்லில் நிலைத்திருக்கிறது. மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணமலையில் உள்ள ஒரு திருமேனியைச் செய்வித்தவர், அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது.

தந்தை பெயர் இல்லை. ஊர்ப் பெயர் இல்லை. குலப் பெயரும் இல்லை. தாயின் பெயரும், அவர் இன்னாருக்குத் தாய் என்பதும் மட்டுமே உள்ளன. மைந்தன் இல்லத்தைத் துறந்து சென்றார். தாயோ, அம்மைந்தன் சென்ற வழியிலேயே தம் பொருளைச் செலவிட்டு ஒரு திருமேனி செய்வித்தார். மைந்தன் பிரிந்த பின்னும் ‘தாயார்’ என்னும் உறவுப் பெயர் அழியவில்லை. குடும்ப அறம் குறித்து ஆயிரம் பக்கங்கள் எழுதினும் இந்த ஒற்றை வரிக்கு மேல் சொல்ல வேண்டுவது சிறிதே எனலாம்.

பற்றும் அன்பும்

இன்றைய தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் துறவு பூண்டு செல்வதில்லை. படிப்பிற்கும் பணிக்குமாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். நெல்லும் மணிலாவும் விளைந்த நிலத்தையும், ஊர் நடுவே நிற்கும் ஜினாலயத்தையும், முதிய பெற்றோரையும் விட்டுச் செல்கின்றனர். ‘வளர்த்து ஆளாக்கினோமே, போய்விட்டானே’ என்னும் புலம்பல் எழாத இல்லம் அரிது. அப்புலம்பலே தொலைபேசி வழியாக நாள்தோறும் பிள்ளையின் செவியில் விழுமாயின், அவன் அழைப்பதைக் குறைத்துக்கொள்வான். பெற்றோரின் ஏக்கம் குற்றச்சாட்டாக மாறும்போது, பிள்ளையின் அன்பு கடமையாகச் சுருங்கிவிடுகின்றது.

பற்று, பொருளைத் தன்னிடம் இருத்திக்கொள்ள விழைவது. அன்பு, அது நன்றாக இருக்க விழைவது. கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் இதனைத் தம் தோட்டத்திலேயே காண்கின்றனர். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் கொடி, நட்டவுடன் தானே படர்ந்து பயன் தருவதன்று. கல்லும் கம்பியும் கொண்டு பந்தல் அமைக்க வேண்டும். முதலில் கொடியை ஒற்றைத் தண்டாகப் பந்தல் உயரம் வரை ஏற்ற வேண்டும். மேலே சென்றபின் நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளைகளைப் பரவவிட வேண்டும். பிறகு உரிய பருவத்தில் கவாத்து செய்ய வேண்டும். கவாத்து செய்யாத கொடி இலையாகவே தழைக்கும். அளவின்றி வெட்டப்பட்ட கொடியோ வலுவிழக்கும். பந்தல் தாங்குமே அன்றி, கொடியை இறுக்குவதில்லை. பெற்றோரின் கண்டிப்பும் உரிமையளிப்பும் இவ்வாறே பருவம் அறிந்து அமைதல் வேண்டும். ஐந்து வயதில் தேவைப்படும் கண்டிப்பு பதினெட்டு வயதில் பகையாகும். பதினெட்டில் தரவேண்டிய உரிமையைப் பத்து வயதில் தந்தால் அது கைவிடுதலாகும்.

மடியில் அமர்ந்த கல்வி

ஆதிபகவனாகிய இடபதேவர் தம் புதல்வியர் பிராமி, சுந்தரி இருவரையும் மடியில் அமர்த்தி, ஒருத்திக்கு எழுத்தும் மற்றொருத்திக்கு எண்ணும் கற்பித்தார் என்று ஜினசேனரின் ஆதிபுராணம் உரைக்கின்றது. இதில் கருதத்தக்கவை இரண்டு. பெண்மக்களுக்குத் தந்தை தாமே கற்பித்தார் என்பது ஒன்று. அதற்கென நேரம் ஒதுக்கினார் என்பது மற்றொன்று. இன்று தந்தையர் பலர் கல்விக் கட்டணம் செலுத்துவதோடு தம் கடன் முடிந்ததெனக் கருதுகின்றனர். பிள்ளையின் மதிப்பெண்ணை அறிந்த தந்தை, அவன் நண்பனின் பெயரை அறியாதிருக்கின்றார்.

மாலை உணவையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கதிரவன் மறையுமுன் உண்ணுதல் சமண இல்லங்களின் தொன்றுதொட்ட ஒழுக்கம். சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேராமை அதன் நோக்கம். வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் கூடி உண்டது அதனால் விளைந்த பயன். தனிப்பயிற்சி வகுப்பு இரவு எட்டு மணிக்கு முடியும் இக்காலத்தில், அவ்வொழுக்கத்தைப் பிள்ளையின்மீது கட்டளையாகச் சுமத்தினால் என்ன நேரும்? விடுதிக்குச் சென்ற முதல் வாரத்திலேயே அதனைக் கைவிட்டு, வீட்டில் ‘கடைப்பிடிக்கின்றேன்’ என்று பொய் சொல்லுவான். உணவு விரதம் தவறியது ஒரு குறை. வாய்மை தவறியது அதனினும் பெருங்குறை. அப்பொய்யைச் சொல்லும் நிலைக்குப் பிள்ளையைத் தள்ளியதில் வீட்டாருக்கும் பங்கு உண்டன்றோ? காரணம் சொல்லிப் பழக்கிய ஒழுக்கம் பிள்ளையோடு பயணம் செய்யும். அச்சத்தால் பழக்கியது வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். விடுமுறை நாளில் ஒருவேளையேனும் அனைவரும் ஒளி மங்குமுன் கூடி உண்ணும் வழக்கத்தை நிலைநிறுத்தினால், அதுவே நல்ல தொடக்கமாகும்.

உடன்பிறந்தார் வழக்கு

பிள்ளைகள் வளர்ந்தபின் குடும்பத்தைப் பிளப்பது பெரும்பாலும் நிலப்பங்கே. பரதரும் பாகுபலியும் ஒரு தந்தையின் மக்கள். நாட்டின் பொருட்டு எதிர்நின்றனர். படைகள் மோதி உயிர்கள் மாயாதிருக்க, இருவரும் தனியே கண்ணோக்கிலும் நீரிலும் மற்போரிலும் பொருதனர். வென்றவர் பாகுபலி, வெற்றி கைக்கு வந்த அக்கணமே உலகியலை வெறுத்துத் துறந்தவரும் அவரே. ஓராண்டு அசையாது நின்று, கொடிகள் உடலைச் சுற்றிய பின்னும், தமையனுக்குத் துன்பம் விளைத்தோமே என்னும் சிறு உறுத்தல் அவர் நெஞ்சில் எஞ்சியது. பரதர் வந்து வணங்கிய பின்னரே அது நீங்கிக் கேவலஞானம் எய்தினார் என்பது ஆதிபுராண மரபு.

மாபெருந் தவத்தாலும் கரையாத உறுத்தல், உடன்பிறந்தான் ஒருவன் இறங்கிவந்து நின்றபோது கரைந்தது. இதன் பொருளை ஒவ்வோர் இல்லமும் ஆராய்தல் நலம். வரப்புத் தகராற்றில் பேச்சை நிறுத்திய அண்ணனும் தம்பியும், தம் பிள்ளைகள் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்பதை மறந்துவிடுகின்றனர். பெரியப்பா வீட்டிற்குப் போகாதே என்று தடுக்கப்பட்ட குழந்தை, உறவு என்பது முறித்துக்கொள்ளத் தக்கது என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கின்றது. பின்னாளில் அப்பாடத்தைப் பெற்றோர்மீதே அது நடத்திக்காட்டினால் வியப்பதற்கில்லை.

பொறுத்தலும் பொறுக்கக் கேட்டலும்

தசலட்சண அறங்களுள் முதலில் நிற்பது உத்தம க்ஷமை. அப்பருவத்தின் நிறைவில் ஒருவரிடம் ஒருவர் பிழை பொறுக்குமாறு வேண்டுவது மரபு. ஊராரிடமும் உறவினரிடமும் கைகூப்பி வேண்டும் பெரியோர், தம் பிள்ளைகளிடம் அவ்வாறு வேண்டுவது அரிது. ‘அன்று உன்னை எல்லோர் முன்னிலையிலும் ஏசியது தவறு, பொறுத்துக்கொள்’ என்று தந்தை மகளிடம் கூறினால் அவர் தம் மதிப்பு குறைந்துவிடாது. தவறு செய்தவர் அதனை ஒப்புக்கொள்ளலாம் என்பதை அம்மகள் அன்று கற்றுக்கொள்வாள். பிறகு தான் தவறு செய்யும் நாளில் மறைக்காது தந்தையிடமே வந்து சொல்வாள். அலைபேசி வழியே அறிமுகமற்றோர் பிள்ளைகளை எளிதில் அணுகும் இக்காலத்தில், தவறியபோதும் அஞ்சாது வீட்டாரிடம் வந்து சொல்லும் துணிவே பிள்ளைகளுக்குப் பெருங்காவல்.

அநேகாந்தமும் வாதமேடைக்கு மட்டும் உரியதன்று. ஒரு பொருளுக்குப் பல கூறுகள் உண்டு என ஏற்றவர், மருமகள் சொல்வதிலும் ஒரு கூறு உண்மை இருக்கும் என்று ஏற்றாக வேண்டும். மாமியார் சொல்வதிலும் அவ்வாறே. எந்தப் பாடத்தைப் படிப்பது, யாரை மணப்பது என்று பிள்ளை பேசத் தொடங்கும்போது, முடிவு கூறுமுன் முழுமையாகக் கேட்டல் வேண்டும். கேட்டபின் மறுத்தாலும் உறவு நிற்கும். கேளாது மறுத்தால் பேச்சே நின்றுவிடும்.

குன்றின் அடியில்

முல்லைப் பெரியாறு மேற்கு நோக்கி ஓடிய ஆறு. அணை கட்டப்பெற்று, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895-ஆம் ஆண்டு அது கிழக்கே திருப்பப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் இன்றளவும் அந்நீரால் விளைகின்றன. கட்டும்போது வெள்ளம் பணியைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். குடும்ப உறவும் ஒருமுறை உடைந்ததனாலேயே முடிந்துவிடுவதன்று. மீண்டும் தொடங்கும் பொறுமை ஒருவரிடமேனும் இருந்தால் போதும்.

தேனிப் பக்கம் செல்லும் குடும்பத்தார், சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் உத்தமபாளையக் குன்றிற்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்வாராக. அச்சணந்தி பெயரைக் காட்டி, மதுரைக் குன்றில் அவர் தாயாரின் பெயரும் உண்டு என்று சொல்வாராக. மகன் சென்ற வழியை வாழ்த்தி நின்ற ஒரு தாயின் பெயர் ஆயிரம் ஆண்டுகளாக மகன் பெயரோடு சேர்ந்தே நிற்கின்றது. தொலைவில் வாழும் பிள்ளையை இன்றிரவு அழைக்கும் பெற்றோர், குறை எதுவும் கூறாமல், ‘நலமா, உண்டாயா’ என்று மட்டும் கேட்டுப் பார்க்கட்டும். குணமதியார் வழி அங்கிருந்து தொடங்கும்.

அறம் வளர்க! இல்லறம் செழிக்க!