சர்க்கார் என்னும் சொல்

தில்லியிலும் மும்பையிலும் குடியேறி வாழும் நாம், பிள்ளைகள் தமிழிற் படிக்க வழியில்லையே என்ற பேச்சு எழுந்தால், 'சர்க்கார் கவனிப்பதில்லை' என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். அந்தச் சர்க்கார் யார்? அரசியலமைப்பில் சட்டம் இயற்றுவோர், நிறைவேற்றுவோர், தீர்ப்புக் கூறுவோர் என மூவர் இருக்கின்றனர். பெயரளவில் இது நாம் அறிந்ததே.

பள்ளிக் காரியத்தையே பார்ப்போம். 1956 இல் நாடாளுமன்றம், அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தால் 350அ என்னும் பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறப் போதிய வசதி அளிக்க, மாநிலமும் உள்ளாட்சி மன்றமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. 'முயல வேண்டும்' என்பதை நாம் ஊன்றிப் படித்தல் நலம். 'அளிக்க வேண்டும்' என்பதினும் அஃது எத்துணை மெலிந்த சொல்! சட்டம் இயற்றுவோர் பணி அத்துடன் முடிந்தது.

ஆசிரியரை நியமிப்பது ஆட்சித்துறை. ஆகவே நம் மனு முதலில் செல்லவேண்டிய இடம் மாநிலக் கல்வித் துறை. நகராட்சிப் பள்ளியாயின் நகராட்சி. மாநிலங்களுக்குக் கட்டளையிடக் குடியரசுத் தலைவருக்கும் இப்பிரிவு அதிகாரம் தருகிறது. அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவராதலின் அதுவும் ஆட்சித்துறையின் செயலே. உயர்நீதிமன்றத்தை நாடலாம், ஆனால் அங்கே அந்த 'முயல' என்னும் சொல்லே நம்மை எதிர்த்து வழக்காடக்கூடும்.

இன்னொரு வழியும் உண்டு. 350ஆ பிரிவு, மொழிச் சிறுபான்மையினர்க்கெனத் தனி அலுவலர் ஒருவரை ஏற்படுத்துகிறது. அவர் அறிக்கை குடியரசுத் தலைவர் வாயிலாக நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படும்.