‘வீட்டுல படிச்சுக்குங்க’ - எந்த வீட்டுல?

(பெண்கள் அரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, பள்ளிகளில் பாலியல் நலக் கல்விக்குச் சட்டம் வேண்டுமா என்பது. துண்டறிக்கையைப் பார்த்துட்டு நம்ம தோழர் ஒருத்தர் கேட்டாரு: “பஞ்சமி நிலம் கெடக்கு, வன்கொடுமை வழக்கு கெடக்கு. இப்ப இதுதான் முக்கியமாக்கா?” நியாயமான கேள்வி. அதுக்கான பதிலைத்தான் பேசப் போறேன்.

நான் பத்தாவது படிச்சப்போ அறிவியல் புத்தகத்துல இனப்பெருக்கம்னு ஒரு பாடம். ஆசிரியை பக்கத்தைப் புரட்டினாங்க. “இது ஈஸியான பாடம். வீட்டுல படிச்சுக்குங்க”ன்னுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க. பசங்க சிரிச்சானுங்க. நாங்க தலையைக் குனிஞ்சிக்கிட்டோம். இங்க இருக்கிற பாதிப் பேருக்கு இது நடந்திருக்கும்.

வீட்டுல படிச்சுக்குங்க. சரி, எந்த வீட்டுல? எங்க வீடு ஒத்த ரூம். அதுல ஆறு பேர். எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வருஷத்துல பாதி நாள் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில. நான் வயசுக்கு வந்த அன்னிக்கு, எனக்கு ஏதோ சாவு வியாதி வந்துருச்சுன்னு நெனச்சு, சூளை மேட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு அழுதேன். எங்கம்மா வந்து சொன்னது ஒரே வார்த்தை: “தீட்டு.” அதுக்கு மேல அவங்களுக்கும் தெரியாது. அவங்கம்மா அவங்களுக்குச் சொன்னதும் அதே ஒரு வார்த்தைதான்.

அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசிங்க தோழர்களே. ஊருக்குள்ள நம்ம கால் பட்டா தீட்டு. பொம்பளைக்கு மாசா மாசம் வந்தா தீட்டு. சாவு தீட்டு, பிரசவம் தீட்டு. சாவுக்குப் பறையடிச்சவனும், பிரசவம் பார்த்த மருத்துவச்சியும், ரத்தத் துணி வெளுத்த வண்ணாத்தியும் தீட்டு. சாதிக்கும் உடம்புக்கும் ஒரே வார்த்தையை வச்சிருக்கிற சமூகம் இது. சாதி நம்ம உடம்புலதான் எழுதப்பட்டிருக்கு. அப்புறம் உடம்பைப் பத்தின அறிவு எப்படி நமக்கு ரெண்டாம்பட்சமான விஷயம் ஆகும்?

‘இது நம்ம பண்பாட்டுக்கு ஒத்துவராது’ என்கிறார்கள். இந்தப் பண்பாட்டின் வரலாற்றை நாம் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1891இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் கொண்டுவந்தான். கல்கத்தாவில் புல்மணி என்கிற சிறுமி, கணவனின் பலாத்காரத்தால் ரத்தம் போய்ச் செத்ததற்குப் பிறகு வந்த சட்டம். பெண்ணின் சம்மத வயதை 10லிருந்து 12 ஆக்கியது, அவ்வளவுதான். அதற்கே நாடு கொந்தளித்தது. மதத்தில் கைவைக்காதே என்று எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் திலகர். பத்து வயசுப் பிள்ளையைக் காப்பாற்றுவதுகூடப் பண்பாட்டுக்கு விரோதமாக இருந்தது.

இன்னொரு கதை. பம்பாயில் ர. தோ. கார்வே என்றொருவர் 1927லிருந்து ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி இதழை நடத்தினார். வாசகர்கள் பாலியல் சந்தேகங்களைக் கேட்பார்கள், அவர் அறிவியல்படி பதில் எழுதுவார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934 வழக்கில் அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் யார் தெரியுமா? நம்ம பாபாசாகேப் அம்பேத்கர். பிறப்பால் பார்ப்பனரான ஒரு சீர்திருத்தக்காரரைச் சனாதனிகள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியபோது, அவர் பக்கம் நின்றவர் ஒரு தீண்டப்படாத பாரிஸ்டர். மக்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வது எப்படி ஆபாசமாகும் என்பதே வாதத்தின் சாரம். வழக்கு தோற்றது. கார்வேக்கு 200 ரூபாய் அபராதம்.

பாபாசாகேப் அதோடு விடவில்லை. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி கருத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் கொண்டுவந்தது. அவருக்குப் பதிலாகக் கட்சி உறுப்பினர் ரோகம் அந்த உரையை அவையில் முன்வைத்தார். ஆதரவு 11 ஓட்டு, எதிர்ப்பு 52. தோற்றுப்போச்சு. 1942இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டிலும், கல்யாணத்துக்கு அவசரப்படாதீங்க, பிள்ளைகளை வரிசையாகப் பெற்றுக்கொண்டே போகாதீங்க என்றுதான் பேசினார். இங்கே தமிழ்நாட்டில் பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடை பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அவர் அதைக் குடும்பச் செலவைக் குறைக்கும் வழியாக மட்டும் பேசவில்லை. பெண் விடுதலையாகப் பேசினார்.

ஆகவே பாலியல் அறிவு மேல்நாட்டு இறக்குமதி, நம்ம இயக்கத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்கிற தோழர்கள், தலைவர் படத்துக்கு மாலை போடுவதோடு நிற்காமல் அவர் நடத்திய வழக்கையும் படிக்கணும்.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2005இல் மத்திய கல்வி அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கின. ஆசிரியர் கையேட்டில் உடற்கூறுப் படங்கள் இருந்தன. போச்சு! 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் என்று வரிசையாக மாநில அரசுகள் தடை போட்டன. சட்டமன்றங்களில் அமளி. எய்ட்ஸ் பாடம் வேண்டாம், யோகா போதும் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. காங்கிரசு கூட்டணி ஆண்ட மாநிலமும் இதில் உண்டு, பா.ச.க. ஆண்ட மாநிலமும் உண்டு. மற்ற விஷயத்திலெல்லாம் சண்டை போடுகிறவர்கள் பண்பாட்டில் மட்டும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

அதே 2007இல்தான் மத்திய அரசின் பெண்கள் குழந்தைகள் நல அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். 53 சதவிகிதம் பிள்ளைகள், ஏதாவது ஒருவிதமான பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பொம்பளைப் பிள்ளைகள் மட்டுமில்லை, ஆம்பளைப் பிள்ளைகளும்தான். ஒரு பக்கம் பாதிப் பிள்ளைகள் ‘எங்களுக்கு இது நடந்தது’ என்கிறார்கள். இன்னொரு பக்கம் சட்டமன்றத்தில் ‘பிள்ளைகள் கெட்டுப்போயிடும்’ என்கிறார்கள். 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பாலியல் கல்வி பள்ளிக்கு வேண்டாம், நம்ம சமூகப் பண்பாட்டுக்கு ஆகாது என்றே அறிக்கை கொடுத்தது.

யாருடைய பண்பாடு? பள்ளிக்கூடத்தில் பாடம் நிறுத்தப்பட்டால், நகரத்து மேல்தட்டு வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய நஷ்டமில்லை. அதற்குப் புத்தகம் உண்டு, தனி அறை உண்டு, குடும்ப டாக்டர் உண்டு. நஷ்டம் யாருக்கு? அரசுப் பள்ளியை விட்டால் வேறு வாசல் இல்லாத பிள்ளைக்கு. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு. இன்றைக்கு அந்தப் பிள்ளை கையில் செல்போன் மட்டும் இருக்கிறது. வாத்தியார் சொல்லாததை அது சொல்கிறது. ஆபாசப் படம் சொல்லித்தருகிற பாலியல் கல்வியில் பெண்ணுக்கு வலி கிடையாது, சம்மதம் கிடையாது. அதைப் பார்த்துப் பையன் கற்றுக்கொள்கிறான்.

இனி சட்டம். 2012இல் போக்சோ சட்டம் வந்தது. நல்ல சட்டம், நமக்குத் தேவையான சட்டம். நம்ம பிள்ளையைக் கரும்புக் காட்டுல, தோட்டத்துல, பள்ளிக்கூடத்துல எவன் தொட்டாலும் நாம் கையில் எடுக்க வேண்டிய சட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு சேர்த்தே வழக்குப் பதியச் சொல்லுங்க.

ஆனா அந்தச் சட்டம் இன்னொரு வேலையும் செய்தது. சம்மத வயதை 16லிருந்து 18 ஆக்கியது. நம்ம தெருப் பையன் பத்தொன்பது வயசு. ஊர்த்தெருப் பொண்ணு பதினேழு வயசு. ரெண்டு பேரும் விரும்பிப் போறாங்க. பொண்ணு வீட்டுக்காரன் முன்னாடி அரிவாளைத்தான் எடுப்பான். இப்போ போக்சோவையும் எடுக்கிறான். அரிவாளுக்குத் தப்பினவன் ஜெயிலுக்குப் போறான். இந்த மாதிரி வழக்குகளைப் பார்த்துத்தான் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கை ரத்து செய்தபோது, வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமில்லை என்றது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறைத் தலைவரும், காதல் விவகாரங்களில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார்.

நான் கேட்கிறேன்: பதினெட்டு வயசுன்னா என்ன, சம்மதம்னா என்ன, போக்சோன்னா என்னன்னு அந்தப் பையனுக்கு எந்த வகுப்பில் யார் சொன்னது? சட்டத்தைச் சொல்லித் தரமாட்டோம், ஆனால் சட்டப்படி உள்ளே தள்ளுவோம் என்பது என்ன நியாயம்?

இத்தனைக்கும் 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் மூன்றாவது விதி தெளிவாகச் சொல்கிறது: மத்திய அரசும் ஒவ்வொரு மாநில அரசும் பிள்ளைகளின் வயதுக்கேற்ற பாடத்திட்டம் தயாரிக்க வேண்டும். தன் உடம்பைக் காத்துக்கொள்வது, யாரிடம் புகார் செய்வது, 1098 என்ற உதவி எண், ஆண் பெண் சமத்துவம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். உச்சநீதிமன்றம் 2024 செப்டம்பரில், குழந்தைகளை வைத்து எடுக்கும் ஆபாசப் படம் பற்றிய, சென்னையிலிருந்து போன வழக்கிலேயே, முழுமையான பாலியல் கல்வியைப் பரிசீலிக்கச் சொன்னது. 2025 அக்டோபரில், ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காதே, இன்னும் சின்ன வயசிலேயே தொடங்கு என்றது.

விதி இருக்கு, தீர்ப்பு இருக்கு. அப்புறம் எதுக்குச் சட்டம் என்று கேட்கலாம். 2007தான் அதற்குப் பதில். திட்டமாகக் கொடுத்ததை ஓர் அறிக்கையில் எடுத்துவிட்டார்கள். அரசாணையாகக் கொடுத்தால் அடுத்த அரசாணையில் போய்விடும். கல்வி 1976லிருந்து பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலச் சட்டமன்றம் சட்டம் செய்யலாம். சட்டமாக இருந்தால்தான் பிள்ளைக்கு அது உரிமை. கிடைக்காதபோது நாம் கோர்ட்டுக்குப் போகமுடியும்.

ஆனா எந்தச் சட்டமும் போதும்னு நான் சொல்லலை. எனக்கு ஒரு பயம் இருக்கு. ‘ஒழுக்கக் கல்வி’ன்னு பேரு வச்சு, கற்பு, அடக்கம், துப்பட்டான்னு நம்ம பொண்ணுங்க தலையில கட்டிருவாங்க. சேரிப் பொண்ணுன்னாலே ‘இதுங்களுக்கு எல்லாம் தெரியும்’னு பார்க்கிற வாத்தியார் கையில போயி இந்தப் பாடம் விழுந்தா, அது பாடமா இருக்காது, கேலியா இருக்கும். அதனால நாம கேட்கிற சட்டத்துல என்ன இருக்கணும்னு நாமே சொல்லணும்.

ஒண்ணு, எல்லாப் பள்ளிக்கும் கட்டாயம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் விடுதிக்கும் முதலில். ரெண்டு, வருஷத்துக்கு ஒருநாள் யாரோ வந்து பேசிட்டுப் போறதா இருக்கக் கூடாது. பயிற்சி பெற்ற ஆசிரியர், பாடவேளை, பரீட்சைக் கேள்வி எல்லாம் வேணும். பரீட்சையில் வராத பாடத்தை எந்த வாத்தியாரும் நடத்தமாட்டார். மூணு, பையனும் பொண்ணும் ஒரே வகுப்பில் மாதவிடாயைப் படிக்கணும். தீட்டு என்பது பொய்யென்று புத்தகத்திலேயே அச்சாகணும், சாதித் தீட்டும் சேர்த்து. நாலு, சம்மதமும் போக்சோவும் பையன்களுக்குக் கட்டாயம். அஞ்சு, பள்ளியின் புகார்க் குழுவில் தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண்கள் இருக்கணும். புகார் கொடுத்த பிள்ளைக்கே டி.சி. கொடுத்து அனுப்புகிற பள்ளிக்குத் தண்டனை வேணும்.

கடைசியா நம்ம ஆம்பளைத் தோழர்களுக்கு. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 20லிருந்து 24 வயசுப் பெண்களில் நூற்றுக்குப் பதிமூன்று பேருக்குப் பதினெட்டு நிறையும் முன்னாடியே கல்யாணம் ஆயிருந்தது. அந்தக் கல்யாணப் பந்தல்ல மேல்சாதிக்காரன் மட்டும் உக்காரலை. நாமளும் மொய் எழுதியிருக்கோம். வயசுக்கு வந்தா மைக் செட் வச்சு ஊருக்கே சொல்றோம்; அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்ததுன்னு அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொல்லமாட்டோம். வெளியே பார்ப்பனியத்தை எதிர்க்கிறவன் வீட்டு மூலையில, மாசத்துல மூணு நாள் தனித்தட்டு இருக்கு. அந்தத் தட்டும் நமக்கு டீக்கடையில வச்ச தனி டம்ளரும் ஒரே கடையில வாங்கினது.

நிலம் முக்கியமா இது முக்கியமான்னு கேட்ட தோழருக்கு என் பதில்: நிலத்துல வேலை செய்ற பொம்பளையோட உடம்பும் மீட்க வேண்டியதுதான். ரெண்டுக்கும் சேர்த்தே மனு எழுதுவோம். அடுத்த மாசம் நம்ம ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்க. பெற்றோர்தான் அதுல பெரும்பான்மை. போயி எழுந்து ஒரே கேள்வி கேளுங்க: “பத்தாவதுல அந்தப் பாடத்தை நடத்துனீங்களா?”

பதில் சொல்லாம சிரிச்சாங்கன்னா, நீங்க சிரிக்காதீங்க. உக்காராதீங்க. மறுபடியும் கேளுங்க.