விதை போட்டு வளர்ப்போம்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு முன் பேசியவர்கள் அதை நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் செடி வளர்க்கிற ஆள். தெரிந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

சென்ற மாதம் இங்கு வந்தபோது ஒரு மாணவி படப் புத்தகத்தில் சிவப்புப் பாப்பிப் பூவைக் காட்டி, "தாத்தா, இதை நம்ம வீட்டில் விதை போட்டு வளர்க்கலாமா?" என்று கேட்டாள். அது குளிர்நாட்டுப் பூ, அம்மா. நம் வெக்கை அதற்கு ஆகாது. அதன் உறவான கசகசாச் செடியோ அபினி தருவது. 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் அதைப் பயிரிட இடம் தராது. ஆனால் உன் ஆசைக்கு ஏற்ற பூ நம்மிடமே இருக்கிறது. காசித்தும்பை! பால்சம் என்றால் சிலருக்குத் தெரியும்.

ஒரு பழைய மைலோ டின் போதும். அடியில் ஆணியால் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். தோட்டத்து மண்ணோடு கொஞ்சம் மணலும் மக்கிய இலையும் கலந்து நிரப்புங்கள். விதையை மேலே தூவி, அது மறையும் அளவுக்கு மட்டும் பொடி மண் தூவுங்கள். ஆழப் புதைத்தால் வராது. தண்ணீரைக் கையால் தெளியுங்கள், குவளையோடு கவிழ்க்காதீர்கள். சாயங்கால மழை நேராக விழாதபடி தாழ்வாரத்தில் வையுங்கள். டின்னுக்கு அடியில் தட்டு வேண்டாம். தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975-லிருந்து அதற்கும் சட்டம் இருக்கிறது, அபராதமும் இருக்கிறது!

ஒரு வாரத்தில் முளை தெரியும். அதுவரை தோண்டிப் பார்க்கக்கூடாது. நான் ஏழு வயதில் தினமும் தோண்டிப் பார்த்து ஒரு டின் விதையையும் சாகடித்தவன். நான்கு இலை வந்ததும் முக்கால் அடிக்கு ஒன்றாகப் பிரித்து நடுங்கள். தண்டு நீர்த்தண்டு, அழுத்திப் பிடித்தால் ஒடிந்துவிடும். வாலில் கொம்பு வைத்த பச்சைப் புழு ஒன்று வரும். ஒரே இரவில் செடியை மொட்டையடித்துவிடும். காலையிலேயே இலைக்கு அடியில் பாருங்கள். விதைத்து இரண்டு மாதத்தில் பூ.

பூவைவிட எனக்குக் காய்தான் பிடிக்கும். முற்றிய காயைத் தொட்டால் பட்டென்று வெடித்துச் சுருண்டுகொள்ளும். தோட்டத்தில் வளர்ந்த பெற்றோர்களுக்கு உச்சி வெயிலில் பால்மரக் காய் வெடிக்கிற சத்தம் நினைவிருக்கும். அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து அடுத்தவன் தொடையில் சூடு வைக்காத பையன் உண்டா? அந்தப் பால்மரமும் இந்த மண்ணுக்கு விதையாகத்தான் புறப்பட்டது. 1876-இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை ஏறக்குறைய 2,700 மட்டுமே. பால்மர விதை சில வாரங்களிலேயே உயிர் விட்டுவிடும். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன; கோலகங்சாரிலும் சில நடப்பட்டன. நம் பாட்டன்மார் பால் வெட்டிய மரங்களில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை.

காசித்தும்பை விதை அவ்வளவு அவசரப்படாது. ஆனாலும் ஈரம் அதைக் கொன்றுவிடும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் லயத்து வாசலில் அம்மா வெள்ளைக் காசித்தும்பை வைத்திருந்தார். இது ஓராண்டுச் செடிகூட இல்லை, நாலைந்து மாதத்தில் முடிந்துவிடும். திரும்பத் திரும்ப விதைத்தால்தான் உண்டு. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது அம்மா விதையைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். அவர் இறந்தபின் அதை அடுப்படி டின்னில் போட்டு வைத்தேன். வேலை, பிள்ளைகள் படிப்பு... இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் பூசணம். விதைத்த ஒன்றும் முளைக்கவில்லை. அம்மாவின் சேலை இருந்தது, படம் இருந்தது. செடி போய்விட்டது.

ஒரு கல்யாண வீட்டில் பழைய பக்கத்து லயத்து அக்காவைப் பார்த்து இதைச் சொன்னேன். "உங்கம்மா எனக்கு அப்பவே ஒரு கைப்பிடி குடுத்தாங்களே தம்பி, இன்னும் வாசல்ல பூக்குதே!" என்றார். மறுநாளே பஸ் ஏறிப் போனேன். அவர் வீட்டில் ரோஸ் நிறமும் சேர்ந்து வளர்ந்ததால், தேனீக்கள் கலந்துவிட்டிருந்தன. நான் வளர்த்த 14 செடிகளில் 3 தான் வெள்ளை. அந்த மூன்றைத் தனியாக வைத்து விதை எடுத்து வருகிறேன்.

எடுக்கும் விதம் இதுதான். காய் பருத்து, பச்சை சற்று மஞ்சளாகும்போது உள்ளங்கையால் மூடிக்கொண்டு பறியுங்கள். வெடித்தாலும் விதை கைக்குள்ளேயே இருக்கும். காகிதத்தில் நிழலில் நாலு நாள் உலர்த்துங்கள். மூடியுள்ள போத்தலில், வறுத்து ஆறவைத்த அரிசி கொஞ்சம் போட்டு, அதில் விதையை ஒரு காகிதப் பொட்டலமாக வையுங்கள். மேலே மாதம் எழுதி ஒட்டுங்கள். பாதியை வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

வாசல் மேசையில் காகித உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 10 விதை. பரிசு வாங்கியவர், வாங்காதவர் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம். பாப்பிப் பூ கேட்ட அந்த மாணவிக்கு மட்டும் வெள்ளையில் எடுத்தது. உறையில் அவள் வகுப்பை எழுதியிருக்கிறேன்.