பழைய கியர் சொல்லும் பாடம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஜப்பானில் இருக்கிறாயே, ஏதாவது டெக்னாலஜி பற்றிப் பேசு" என்று சங்கச் செயலாளர் ஃபோனில் சொன்னார். ரோபோ பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் பேசப்போவது பழைய சைக்கிள் சாமான் பற்றி. யாரும் எழுந்து போய்விட வேண்டாம். சாப்பாடு இதற்குப் பிறகுதான்!

ஒசாகாவுக்குப் பக்கத்தில் எனக்கு வேலை. 1970, 80களில் ஜப்பானில் செய்த ரோடு சைக்கிள் பாகங்களைத் தேடி வாங்கி, பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி ஓட வைப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. நம்ம ஊர் சைக்கிள் கடையில் 'ஓவராயில்' என்பார்களே, அதேதான்.

ஒசாகாவை ஒட்டி சக்காய் என்றொரு ஊர். கத்திக்கும் துப்பாக்கிக்கும் பல நூற்றாண்டுகளாகப் பேர்போன கொல்லர்களின் ஊர். சைக்கிள் வந்தபோது அந்தக் கைகளே ரிப்பேருக்கும் உதிரி பாகத்துக்கும் திரும்பின. 1921ல் ஷோசாபுரோ ஷிமானோ அங்கே ஒரு பட்டறை தொடங்கினார். முதலில் செய்தது ஃப்ரீவீல். அதற்கும் முன்பே, 1912ல், தொடங்கிய இன்னொரு ஆலை மயேதா. 'சன்டூர்' என்ற பெயரில் உலகமெங்கும் கியர் விற்றது அதுதான்.

இந்த இரண்டு கம்பெனிகளின் கதை எஞ்சினியர்களுக்கு ஒரு பாடம். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கருவிக்கு டிரெய்லியர் என்று பேர். அதன் உடம்பு ஓர் இணைகரம். பழைய ஐரோப்பிய டிரெய்லியர் படுக்கை வாட்டத்தில் நேராக நகரும். ஆனால் பின்சக்கரத்துப் பற்கள் கூம்பு மாதிரி அடுக்கியிருக்கும். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. ஆகவே பெரிய பல்லுக்கு அருகில் இருக்கும் கப்பி, சின்னப் பல்லுக்குப் போகும்போது தூரமாகிவிடும். தூரமானால் செயின் சொன்னபடி கேட்காது. 1964ல் சன்டூரின் நோபுவோ ஒசாகி அந்த இணைகரத்தைச் சாய்த்து வைத்தார். அவ்வளவுதான்! கப்பி கூம்பின் சரிவோடு கூடவே இறங்கியது. எல்லாப் பல்லுக்கும் ஏறக்குறைய ஒரே இடைவெளி. இவ்வளவு எளிமையான யோசனை நமக்குத் தோன்றவில்லையே என்று பொறாமைப்பட வைக்கும் வேலை.

காப்புரிமை இருந்தவரை மற்றவர்கள் தொட முடியவில்லை. 1984ல் அது காலாவதியானது. அதே காலத்தில் ஷிமானோ புதிய டியூரா-ஏஸ் செட்டைக் கொண்டுவந்தது. அதில் சாய்ந்த இணைகரமும் இருந்தது. ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் என்கிற முறையும் இருந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டும். கிளிக் சரியாக விழ லீவர் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. கேபிள், அதன் உறை, டிரெய்லியர், பல்சக்கர இடைவெளி, செயின் எல்லாம் ஒன்றுக்கொன்று அளவு பேசியிருக்க வேண்டும். ஷிமானோ அத்தனையையும் ஒரே குடும்பமாக வடிவமைத்து விற்றது. சன்டூரிடம் மிகச் சிறந்த டிரெய்லியர் இருந்தது. முழு அமைப்பாக வருவதற்குத் தாமதமாகிவிட்டது.

பட்ட காலிலே படும் என்பது போல, 1985 செப்டம்பரில் பிளாசா ஒப்பந்தம் வந்தது. ஒரு டாலருக்கு சுமார் 240 யென் என்றிருந்தது, 1988ல் 130க்கு வந்துவிட்டது. ஏற்றுமதியை நம்பிய ஜப்பான் சைக்கிள் தொழிலுக்குப் பலத்த அடி. ஆர்டர்கள் தைவானுக்குப் போயின. 1980களின் இறுதியில் மயேதா கைமாறியது. சன்டூர் என்ற பெயர் இன்று தைவானில் சஸ்பென்ஷன் ஃபோர்க் செய்யும் ஒரு நிறுவனத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி என் மேஜைக்கு வருவோம். பழைய ஷிமானோ பாகத்தின் பின்புறம் பார்த்தால் இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து வருடம், 'ஏ' என்றால் 1976. இரண்டாவது மாதம். 'எஃப் சி' என்றால் 1981 மார்ச். அடுத்தது ஸ்குரூ. பார்க்க நாம் பயன்படுத்தும் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவு. சாதாரண ஸ்குரூ டிரைவர் போட்டால் வழுக்கி, தலை மழுங்கிவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இறுகிப்போன கிரீஸை பிரஷ்ஷால் எடுத்து, பால்ஸை மாற்றினால் நாற்பது வயது ஹப்பும் விரலால் தட்டினாலே சுற்றும்.

போன வருடம் பக்கத்துத் தெருவில் ஒரு சைக்கிள் கடையை மூடினார்கள். எண்பது வயதைத் தாண்டிய கடைக்காரர் ஒரு பெட்டி நிறைய சாமான் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "அலமாரியில் வைக்காதே, ஓட்டு." சரி என்று தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

சந்தோஷமாகப் பிரித்துப் போட்டேன். டிரெய்லியர், லீவர், ஹப் எல்லாம் அருமை. ஆனால் அலுமினிய கிராங்க், ஹேண்டில்பார் இரண்டும் யோசிக்க வைத்தன. இரும்புக்கு ஒரு தாங்கு எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை தடவை வளைத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது. ஒவ்வொரு மிதியும் கணக்கில் ஏறும். நம்ம லேபில் வெல்டிங்குக்குப் பண்ணுவோமே, அந்த டை பெனட்ரன்ட் சோதனையை கிராங்குக்குப் பண்ணினேன். சிலந்திக் கால்கள் கிராங்கோடு சேரும் மூலையில் சிவப்பாக மயிரிழை போல ஒரு கோடு. ஹேண்டில்பாரில் விரிசல் தெரியவில்லை, ஆனால் கிளாம்ப் இடத்தில் ஆழமான கீறல். அது இறக்கத்தில் முறிந்தால் பல் மட்டும் போகாது.

கொடுத்த வாக்கு ஒரு பக்கம், படித்த படிப்பு ஒரு பக்கம். இரண்டு வாரம் யோசித்துவிட்டு, அந்தப் பெரியவரிடமே போய் கோட்டைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது வேலை முடித்துவிட்டது" என்றார். அவ்வளவுதான். அந்த கிராங்க் இப்போது சுவரில் தொங்குகிறது. அதன் இடத்தில் சுகினோவும் ஹேண்டில்பாருக்கு நிட்டோவும் புதிதாக வாங்கிப் போட்டேன். மற்றதெல்லாம் சாலையில் ஓடுகிறது.

தம்பி தங்கைகளே, மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன். நல்ல பாகம் செய்பவர் நல்ல எஞ்சினியர். அது பக்கத்துப் பாகத்தோடு எப்படிப் பேசும் என்று யோசிப்பவர் இன்னும் நல்ல எஞ்சினியர். இரண்டாவது, திறந்து ரிப்பேர் பண்ண முடிகிற மாதிரி செய்யுங்கள். நாற்பது வருடம் கழித்து யாரோ ஒருவன் உங்களை வாழ்த்துவான். மூன்றாவது, பழையது என்பதற்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம், பிரியம் என்பதற்காக நம்பி ஏறவும் வேண்டாம். சோதித்துப் பாருங்கள்.